முஸ்லிம் பெண்களோட உடைல அரசாங்கம் கை வைக்கலாமா? அடிக்கடி வர்ற கேள்விகள்

ஹிஜாப் பத்தி எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் அதே கேள்விங்கதான் சுத்தி சுத்தி வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விகள கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன், கொஞ்சம் காரமா இருந்தாலும் மாத்தல. என் நிலைப்பாட்ட முதல்லயே சொல்லிடறேன்: அரசாங்கம் போடுன்னும் சொல்லக்கூடாது, கழட்டுன்னும் சொல்லக்கூடாது. அதுக்காக எல்லாத்துக்கும் என்கிட்ட சுலபமா பதில் இருக்குன்னு இல்ல, கீழ போகப் போக சில கேள்வி நல்லாவே இடிக்கும்.

ஹிஜாப், நிகாப், புர்கா எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு இத்தனை பேரு?

ஒண்ணு இல்ல. ஹிஜாப்ல முடி, காது, கழுத்து மறையும், முகம் முழுசா தெரியும். நிகாப்ல கண்ணு மட்டும் தெரியும். ஆப்கானிஸ்தான் புர்கால கண்ணு மேலயும் வலைத் துணி இருக்கும். அபாயா கழுத்துலேந்து கால் வரைக்கும் வர்ற தொளதொள அங்கி, அதுக்கும் முகத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

இத பிரிச்சுப் பாக்கலன்னா மேற்கொண்டு பேசவே முடியாது. ஏன்னா முகத்த மூடறதுக்கு எதிரா சொல்ற காரணம் எதுவும் தலைய மூடறதுக்குப் பொருந்தாது, ஆனா பாருங்க, முகமூடில ஆரம்பிக்கிற விவாதம் முடியும்போது கரெக்டா ஒரு ஸ்கூல் பொண்ணோட தலைத்துணில வந்து நிக்கும்.

ஐரோப்பா பூரா தடை பண்ணிட்டாங்கன்னு வாட்ஸாப்ல வருதே, நிஜமா?

பாதி நிஜம். பொது இடத்துல முகத்த மூடறதுக்கு பிரான்ஸ்ல 2010ல சட்டம் போட்டு 2011 ஏப்ரல்லேந்து அமல்ல இருக்கு, அபராதம் 150 யூரோ வரைக்கும். பெல்ஜியம் 2011, ஆஸ்திரியா 2017, டென்மார்க் 2018. சுவிட்சர்லாந்துல 2021 மார்ச்ல மக்கள்கிட்டயே ஓட்டெடுப்பு வெச்சாங்க, 51.2% ஆதரவுல மயிரிழைல ஜெயிச்சுது, 2025 ஜனவரிலேந்து அமல். நெதர்லாந்துல 2019லேந்து ஸ்கூல், ஆஸ்பத்திரி, அரசு ஆபிஸ், பஸ், ரயில் இதுல மட்டும்தான் தடை, ரோட்ல நடந்து போறதுக்கு இல்ல.

இது எல்லாமே முகத்த மூடறது பத்தினது. சாதா ஹிஜாப் போட்டுட்டு ரோட்ல போறதுக்கு இந்த நாடுகள் எதுலயும் தடை கிடையாது. ஆனா பிரான்ஸ்ல 2004 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவிங்க ஹிஜாப் போடக்கூடாது, 2023ல அபாயாவையும் அந்த லிஸ்ட்ல சேத்தாங்க. இன்னொண்ணு, பிரான்ஸ் அந்த 2010 சட்டத்தப் போடறதுக்கு முன்னாடி நாடு முழுக்க முகத்த மூடறவங்க சுமார் 1,900 பேர்தான்னு ஒரு அரசாங்கக் கணக்கு இருந்துது. ஆறு கோடிக்கு மேல ஜனத்தொகை இருக்கற நாட்ல 1,900 பேருக்காக ஒரு தனிச் சட்டம்.

முஸ்லிம் நாடுகளே தடை பண்ணுதே, மத்தவங்க பண்ணா மட்டும் என்ன தப்பு?

பண்ணுதுதான், ஒத்துக்கறேன். துனிசியால 1981லயே அரசு ஆபிஸ், ஸ்கூல்ல ஹிஜாப்புக்கு தடை போட்டாங்க. உஸ்பெகிஸ்தான்ல 2023ல முகத்த மூடறதுக்கு, தஜிகிஸ்தான்ல 2024ல 'நம்ம கலாச்சாரத்துக்கு அந்நியமான உடை'ங்கற பேர்ல. எகிப்துல 2023ல பள்ளிகள்ல நிகாப்புக்கு. ஆனா இந்த லிஸ்ட்ல முக்கால்வாசி, ஜனங்க தாடி வெக்கறதுலேந்து பேசறது வரைக்கும் அரசாங்கம் மூக்க நுழைக்கற இடம். அங்க நடக்குதுங்கறது ஒரு சர்ட்டிஃபிகேட்டா?

முழுசா ஒரு சுத்து சுத்தி வந்த நாடு துருக்கி, அதப் பாக்கணும். 1999ல மெர்வே கவாக்சின்னு ஒருத்தங்க ஜனங்க ஓட்டுப் போட்டு எம்பி ஆகி, பதவிப்பிரமாணத்துக்கு ஹிஜாப்போட பார்லிமென்ட்டுக்குள்ள வந்தாங்க, உள்ள இருந்தவங்க மேசையத் தட்டி 'வெளிய போ'ன்னு கத்தி அனுப்பிட்டாங்க. யூனிவர்சிட்டி பொண்ணுங்க ஹிஜாப்ப மறைக்க அதுக்கு மேல விக் மாட்டிக்கிட்டு கிளாஸுக்குப் போனாங்க. 2005ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டும் துருக்கியோட தடை சரின்னுடுச்சு. கடைசில என்ன ஆச்சு? 2010 வாக்குல யூனிவர்சிட்டிலயும் 2013ல அரசு ஆபிஸ்லயும் தடை போயிடுச்சு, அந்தத் தடைக்கு முட்டுக்கொடுத்த பழைய மதச்சார்பற்ற கட்சியோட தலைவரே 2022ல ஹிஜாப் உரிமைக்கு சட்டப் பாதுகாப்பு தரணும்னு வந்து நின்னாரு. நடுவுல படிப்ப விட்டுட்டு வீட்ல உக்காந்த பொண்ணுங்களுக்கு அந்த வருஷங்கள யாரும் திருப்பித் தரல.

இரான்ல பொண்ணுங்க கழட்டி எரிச்சுப் போராடறாங்க, நீங்க போடறதுக்கு உரிமை கேக்கறீங்க, முரணா இல்ல?

இந்தக் கேள்விதான் அதிகமா வருது, கேக்கறவங்க இதக் கேட்டதோட நம்மள மடக்கிட்டதா நெனச்சுக்கறாங்க. முரண் எதுவும் இல்ல. ரெண்டு பேரும் கேக்கறது ஒண்ணுதான், என் தலைய என்கிட்ட விடு.

இரானோட கதையவே எடுத்துக்கங்க. 1936 ஜனவரில ரெசா ஷா முக்காடே கூடாதுன்னு உத்தரவு போட்டாரு, போலீஸ்காரங்க தெருவுல பொம்பளைங்க தலைலேந்து துணிய உருவினாங்க, அந்த அவமானத்துக்கு பயந்து வாசப்படி தாண்டாம கிடந்தவங்க நிறைய பேர். 1979 புரட்சிக்கு அப்புறம் அப்படியே தலைகீழ். கட்டாயமாக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதுமே அந்த வருஷம் மார்ச் 8, மகளிர் தினத்தன்னிக்கு தெஹ்ரான்ல ஆயிரக்கணக்கான பொண்ணுங்க ரோட்ல இறங்கினாங்க, அதுல ஹிஜாப் போட்டவங்களும் இருந்தாங்க. ஆனாலும் 1983ல சட்டம் வந்துடுச்சு, போடலன்னா 74 கசையடி. 2022 செப்டம்பர்ல ஹிஜாப் சரியா போடலன்னு கலாச்சாரப் போலீஸ் புடிச்சுட்டுப் போன மஹ்சா அமினி கஸ்டடில இருக்கும்போது உயிர விட்டாங்க, வயசு 22. உருவினதும் போலீஸ், போர்த்தினதும் போலீஸ். ஐம்பது வருஷத்துக்குள்ள ரெண்டையும் பாத்த நாடு அது.

குரான்லயே கட்டாயம் இல்லைன்னு சொல்றாங்களே, அப்போ தடை பண்ணா மத உரிமை எங்க போச்சு?

குரான்ல 24:31, 33:59னு ரெண்டு வசனத்த எல்லாரும் காட்டுவாங்க. தலைய மூடணும்ங்கறதுல பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் ஒத்துப்போறாங்க, முகத்த மூடணுமாங்கறதுல அவங்களுக்குள்ளயே பல நூறு வருஷமா கருத்து வேறுபாடு, இல்ல, தலையே கட்டாயம் இல்லைன்னு சொல்ற நவீன அறிஞர்களும் இருக்காங்க. இது அவங்க பேசித் தீத்துக்க வேண்டிய விஷயம், இதுல அரசாங்கத்துக்கு என்ன வேலைங்கறதுதான் என் கேள்வி.

இந்தியால இது கோர்ட்டுக்கே வந்துது, கர்நாடகா காலேஜ் ஹிஜாப் தடை வழக்குல. மதத்துக்கு 'இன்றியமையாத வழக்கம்'னா மட்டும் பாதுகாப்புன்னு 1954 ஷிரூர் மடம் வழக்குலேந்து ஒரு அளவுகோல் இருக்கு, அத வெச்சுதான் கர்நாடகா ஹைகோர்ட் 2022 மார்ச் 15ல ஹிஜாப் இஸ்லாத்துக்கு இன்றியமையாதது இல்லன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதாவது ஜட்ஜுங்க உக்காந்து மார்க்கத் தீர்ப்பு சொல்லவேண்டிய நிலைமை. அப்பீல்ல சுப்ரீம் கோர்ட் 2022 அக்டோபர் 13ல ரெண்டா பிரிஞ்சுது, நீதிபதி ஹேமந்த் குப்தா தடை சரின்னாரு, நீதிபதி சுதான்ஷு துலியா இந்த இன்றியமையாத ஆராய்ச்சியே இங்க தேவையில்ல, இது அந்தப் பொண்ணோட விருப்பம், அவ்ளோதான்னாரு. எனக்கு துலியா சொன்னதுதான் சரியாப் படுது. ஒரு பொண்ணு பக்திக்குப் போடலாம், பழக்கத்துக்குப் போடலாம், நாலு பேர் முறைக்காம இருக்கணும்னு போடலாம், காரணத்த சரிபாக்கறது அரசாங்கத்தோட வேலை இல்ல.

முகத்த மூடிட்டு யார் வேணா உள்ள வரலாமே, பாதுகாப்பு முக்கியம் இல்லையா?

முக்கியம்தான். ஏர்போர்ட்ல, ஓட்டுச்சாவடில, பாஸ்போர்ட் ஃபோட்டோல, பரீட்சை ஹால் வாசல்ல முகத்தக் காட்டச் சொன்னா காட்டித்தான் ஆகணும். வாக்காளர் பட்டியல்ல பர்தா போடற பெண்களோட முகம் தெரியற ஃபோட்டோ வரக்கூடாதுன்னு போட்ட வழக்க சென்னை ஹைகோர்ட் 2006ல ஏத்துக்கல, அது நியாயம்தான். ஒரு பெண் அதிகாரிய வெச்சு ஒரு நிமிஷம் பாத்துட்டு விட்டா வேலை முடிஞ்சுது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் போட வேண்டிய விதிய ரோடு, பார்க், பஸ் ஸ்டாப்புன்னு நாள் பூரா இழுக்கறதுலதான் பிரச்சனை.

இலங்கைல 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு முடிஞ்சு எட்டாம் நாள் அவசரகாலச் சட்டத்துல முகத்த மூடறதத் தடை பண்ணாங்க. அந்த பயம் புரியுது, நாடே நடுங்கிட்டிருந்துது. ஆனா சர்ச்சுக்குள்ளயும் ஹோட்டலுக்குள்ளயும் போய் வெடிச்சவங்க ஆம்பளைங்க, முகத்தத் தொறந்து போட்டுட்டு முதுகுல பையோட போனது கேமராலயே இருக்கு. அடுத்த வருஷம் கொரோனா வந்து உலகம் பூரா முகத்த மூடலன்னா அபராதம்னு ஆச்சு, பிரான்ஸ்ல மாஸ்க் கட்டாயம், நிகாப்புக்குத் தடை, ரெண்டும் ஒரே நேரத்துல அமல்ல இருந்துது. அப்போ பிரச்சனை முகம் மறையறது மட்டும் இல்லன்னு ஆகுதுல்ல?

பிரான்ஸ் தடைய ஐரோப்பிய கோர்ட்டே ஓகே பண்ணிடுச்சே, இன்னும் என்ன பேச்சு?

முகத்த மூடறதுக்கான 2010 தடைய ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் 2014 ஜூலைல ஓகே பண்ணுச்சு, 17 நீதிபதில 15 பேர் ஆதரவு. ஆனா எந்தக் காரணத்துக்குன்னு பாருங்க. பாதுகாப்புக்காகன்னு பிரான்ஸ் சொன்னத, இவ்ளோ பெரிய தடைக்கு அது போதாதுன்னு கோர்ட் தள்ளிடுச்சு, பெண் சமத்துவம்னு சொன்னதையும் ஏத்துக்கல, பெண்களே விரும்பிச் செய்யறத அவங்க பேரச் சொல்லித் தடுக்க முடியாதுன்னுடுச்சு. மிஞ்சினது 'சேர்ந்து வாழ்தல்', அதாவது பொது இடத்துல முகம் பாத்துப் பழகறது சமூகத்துக்கு வேணும்ங்கறது. 2018ல ஐநாவோட மனித உரிமைக் குழு இதே சட்டத்தப் பாத்துட்டு உரிமை மீறல்னே சொல்லிடுச்சு.

முகம் பாத்துப் பேசணும்ங்கற ஆசைய நான் கேலி பண்ணல, எனக்கும் முகம் தெரியாம பேசறது கொஞ்சம் சங்கடம்தான். ஆனா என் சங்கடத்துக்கு அடுத்தவங்க அபராதம் கட்டணுமா? சேர்ந்து வாழச் சொல்லி ஒருத்தர வீட்டுக்குள்ள தள்றது என்ன கணக்குன்னு எனக்கு விளங்கல.

வீட்ல அப்பன், புருஷன் கட்டாயப்படுத்தித்தான் போட வெக்கறாங்க, தடை இருந்தாதானே தப்பிக்க முடியும்?

கட்டாயப்படுத்தறது நடக்குது, இல்லன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்க. பிரான்ஸ் சட்டத்துலயே கட்டாயப்படுத்தறவங்களுக்கு ஒரு வருஷம் ஜெயில், 30,000 யூரோ அபராதம்னு தனியா ஒரு பிரிவு இருக்கு, மைனர்னா டபுள். அந்தப் பிரிவு மட்டும் தனிச் சட்டமா வந்திருந்தா நான் கை தட்டியிருப்பேன். மிச்சச் சட்டம் அபராதச் சீட்ட நீட்டறது அந்தப் பொண்ணுகிட்ட. புருஷன் மிரட்டி வெளிய மூடிட்டு வர்றா, போலீஸ் மூடினதுக்கு ஃபைன் போடுது, அடுத்த நாள் புருஷன் வெளியவே போகாதங்கறான். யாரக் காப்பாத்தினோம்?

ஸ்கூல் விஷயத்துல ஆய்வுகளும் ரெண்டு பக்கமும் பேசுது, அதையும் சொல்லிடணும். பிரான்ஸ்ல 2004 பள்ளித் தடைக்கு அப்புறம் முஸ்லிம் பொண்ணுங்க பள்ளிப் படிப்ப முடிக்கறது குறைஞ்சுது, முடிக்கவே கூடுதல் வருஷம் ஆச்சுன்னு 2020ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அதுக்கு முன்னாடி 1994ல பள்ளிகள்ல மத அடையாளத்தக் கட்டுப்படுத்தச் சொல்லி வந்த அரசு சுற்றறிக்கையால தேர்ச்சி கூடுச்சுன்னு இன்னொரு ஆய்வு. தடையால பொண்ணுங்க முன்னேறிட்டாங்கன்னோ நாசமாயிட்டாங்கன்னோ ஒரு ஆய்வ மட்டும் தூக்கிட்டு வர்றவங்க மத்தத மறைக்கறாங்கன்னு அர்த்தம்.

'என் விருப்பத்துலதான் போடறேன்'ங்கறதெல்லாம் மூளைச்சலவைதானே?

அப்படிப் பாத்தா யார் விருப்பம்தான் சுத்தமா அவங்களோடது? ஹை ஹீல்ஸும் கழுத்த இறுக்கற டையும் வானத்துலேந்தா விழுந்துது? வயசு வந்த ஒருத்தங்க ஓட்டுப் போடலாம், கடன் வாங்கலாம், கல்யாணம் பண்ணலாம், கோர்ட்ல சாட்சி சொல்லலாம், ஆனா தலைல என்ன போடறதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாதுன்னா இது அவங்கள மதிக்கற பேச்சு மாதிரி தெரியல. அப்பன் சொல்றதும் அதேதானே, உனக்கு ஒண்ணும் தெரியாது நான் சொல்றத போடுன்னு.

ஸ்கூல்ல யூனிஃபார்ம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், இவங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

யூனிஃபார்ம் வேணும்ங்கறதுல எனக்கு சண்டை இல்ல. கர்நாடகாவோட உடுப்பில அரசு பியூ காலேஜ்ல (நம்ம பிளஸ் டூ மாதிரி) ஆரம்பிச்ச பிரச்சனைல அந்தப் பொண்ணுங்க யூனிஃபார்ம் வேணாம்னு சொல்லவே இல்ல, அதே கலர் துப்பட்டாவ தலைல சுத்திக்கறோம்னாங்க. 2022 பிப்ரவரி 5ல, நிர்ணயிச்ச யூனிஃபார்மத்தான் போடணும்னு கர்நாடக அரசு உத்தரவு வந்துது, பல பொண்ணுங்க பரீட்சையக் கோட்டை விட்டாங்க. லண்டன் போலீஸ் 2001லயே யூனிஃபார்மோட சேர்ற ஹிஜாப்புக்கு அனுமதி குடுத்துச்சு, போலீஸுக்கே ஒழுங்கு கெடலன்னா பிளஸ் டூ கிளாஸுக்கு என்ன கெட்டுடும்?

இங்கயே இதுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. கேரளால ஒரு கிறிஸ்தவப் பிரிவச் சேர்ந்த பிள்ளைங்க தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிப்பாங்க, ஆனா வாயத் தொறந்து பாட மாட்டாங்க, மதக் காரணம். ஸ்கூல்லேந்து தூக்கிட்டாங்க. 1986ல சுப்ரீம் கோர்ட் திரும்ப சேத்துக்கச் சொல்லுச்சு. மத்தவங்களுக்கு எந்தத் தொந்தரவும் குடுக்காத ஒரு வித்தியாசத்த பொறுத்துக்கறதுலதான் நம்ம அரசியல் சட்டத்தோட பெருமையே இருக்குன்னு நான் நம்பறேன்.

பிரான்ஸோட 2004 பள்ளிச் சட்டம் பெரிய சிலுவை, யூதர் குல்லா, சீக்கியர் தலைப்பாகை எல்லாத்துக்கும் பொதுவா எழுதினதுங்கறது உண்மைதான். ஆனா அந்தச் சட்டத்துக்குக் காரணமான சண்டை 1989ல க்ரெய்ங்கற ஊர்ல மூணு முஸ்லிம் பொண்ணுங்க ஹிஜாப்போட கிளாஸுக்கு வந்ததுலேந்து ஆரம்பிச்சது, பொதுவா எழுதினாலும் யார மனசுல வெச்சு எழுதினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஆறு வயசுக் குழந்தைக்குப் போட்டு விடறாங்களே, அதுவும் விருப்பமா?

இல்ல. மேல வயசு வந்தவங்க பத்தி சொன்ன எதுவும் இங்க செல்லுபடி ஆகாது, இந்தக் கேள்விதான் என்ன ரொம்ப யோசிக்க வெக்குது. சின்னக் குழந்தைக்கு ஹிஜாப் போடறது மார்க்கப்படியே தேவையில்லன்னு முஸ்லிம்கள்ல நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அது பிடிக்கல. ஆனா எனக்குப் பிடிக்காததுக்கும் சட்டம் தடுக்கறதுக்கும் நடுவுல தூரம் இருக்கு. ஆஸ்திரியால 2019ல பத்து வயசு வரைக்கும் தொடக்கப் பள்ளில தடை போட்டாங்க, 2020 டிசம்பர்ல அவங்க அரசியல் சட்ட கோர்ட் ஒரே ஒரு மதத்த மட்டும் குறி வெக்குதுன்னு ரத்து பண்ணுச்சு, அதுக்கப்புறமும் அங்க அந்தப் பேச்சு ஓயல. பெத்தவங்க பிள்ளைக்கு என்னென்னவோ மாட்டி விடறாங்க, எல்லாத்துலயும் அரசாங்கம் வர்றதில்ல. அந்தக் குழந்தை பதினாலு வயசுல 'எனக்கு வேணாம்'னா அப்போ ஸ்கூலும் சட்டமும் அவ பக்கம் நிக்குதாங்கறதுதான் எனக்கு முக்கியம்.

எதிர்ப்பக்கமும் நடக்குதுங்க. இந்தோனேசியால படாங் ஊர் அரசுப் பள்ளில ஒரு கிறிஸ்தவ மாணவியவே ஹிஜாப் போடச் சொல்லி வற்புறுத்தினது 2021ல பெரிய விஷயமாச்சு. அரசுப் பள்ளில மத உடைய கட்டாயப்படுத்தவும் கூடாது தடுக்கவும் கூடாதுன்னு அரசு உத்தரவு போட்டுச்சு, நான் கேட்டா இதவிட நல்ல உத்தரவு எழுத முடியாது, சில மாசத்துலயே அங்க சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு.

டீச்சர், போலீஸ், ஜட்ஜ் எல்லாம் அரசாங்கத்தோட முகம், அவங்களாவது நடுநிலையா இருக்க வேணாமா?

இதுல எதிர்த் தரப்பு வாதத்துக்கு கனம் இருக்கு. ஜட்ஜ் முன்னாடி நிக்கறவனுக்கு இவங்க எந்தப் பக்கம்னு ஒரு சந்தேகம் கூட வரக்கூடாதுங்கறது சும்மா தள்ளிவிடற பேச்சு இல்ல. ஜெர்மனி அரசியல் சட்ட கோர்ட் 2015ல டீச்சருங்களுக்கு ஒட்டுமொத்தத் தடை செல்லாதுன்னுச்சு, அதே கோர்ட் 2020ல சட்டப் பயிற்சியாளருங்க கோர்ட்டுல உக்காரும்போது தடை பண்ணலாம்னுச்சு. அந்தக் கோடு எனக்கு ஓரளவு ஒத்துப்போகுது. கனடாவோட க்யூபெக் மாகாணத்துல 2019ல டீச்சரையும் சேத்து தடை பண்ணிட்டாங்க, பழைய ஆளுங்க அதே வேலைல இருக்கற வரைக்கும் விட்டுடறோம், பிரமோஷன் வாங்கினா கழட்டணும்னு. நடுநிலைய பாடம் நடத்தற விதத்துல பாக்கணும், தலைல பாத்தா எப்படி.

பிரைவேட் கம்பெனி வேணாம்னு சொல்லலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கால ஹிஜாப்புக்காக வேலை மறுத்த துணிக்கடை கம்பெனிக்கு எதிரா 2015ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு. ஐரோப்பிய யூனியன் கோர்ட் 2017ல எல்லா மத, அரசியல் அடையாளத்துக்கும் ஒரே விதியா இருந்தா கம்பெனி தடுக்கலாம், ஆனா கஸ்டமர் முகம் சுளிக்கறாருங்கறதுக்காக தடுக்க முடியாதுன்னுச்சு.

நம்ம பொண்ணுங்க அவங்க நாட்டுக்குப் போனா முக்காடு போட வெக்கறாங்கல்ல, இவங்க இங்க கழட்டட்டும்!

இரான் செய்யறது தப்புன்னு மேலயே சொல்லிட்டோம், அப்புறம் அந்தத் தப்பையே காப்பி அடிப்போம்னா எப்படி? அதுவும் இல்லாம 'இவங்க'ங்கறீங்களே, இவங்க எந்த நாட்லேந்து வந்தாங்க? உடுப்பி பொண்ணுக்கு உடுப்பிதான் ஊரு. இரான் அரசாங்கத்தோட கணக்க அவங்ககிட்ட தீக்கறது எந்த ஊர் நியாயம்.

அப்போ எந்தக் கட்டுப்பாடுமே கூடாதுங்கறீங்களா?

அப்படிச் சொல்லல. அடையாளம் பாக்கற நிமிஷம் பத்தி மேல சொன்னேன். மெஷின்ல சிக்கற துணி, லேப்ல தீப்பிடிக்கற துணி, ஆபரேஷன் தியேட்டர் சுத்தம், இதெல்லாம் எந்த மதத்துத் துணியா இருந்தாலும் ஒரே விதி. ஆனா பாதுகாப்புன்னு சொன்னதும் நம்பிடவும் வேணாம். கழுத்த இறுக்கும்னு சொல்லி ஃபிஃபா ஹிஜாப்ப தடுத்துது, 2011ல இரான் பெண்கள் ஃபுட்பால் டீம் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தையே இழந்துது. இழுத்தா கழண்டுக்கற மாதிரி ஹிஜாப் தெச்சுக் காட்டினதும் 2014ல ஃபிஃபாவே விதிய மாத்திடுச்சு. வழி தேடினா கிடைக்குது.

தடை இருக்கற நாட்ல நிகாப் போட்டவங்கள பாத்தா நாமளே கழட்டச் சொல்லலாமா?

கூடவே கூடாது. பிரான்ஸ்லயே போலீஸ்காரருக்குக் கூட பலவந்தமா கழட்டற அதிகாரம் கிடையாது, அடையாளம் சொல்ல மறுத்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் அதிகபட்சம் நாலு மணி நேரம் வெச்சு விசாரிக்கலாம், அவ்ளோதான். ரோட்ல போறவங்க யாராவது துணிய இழுத்தா அது அந்த நாட்டுச் சட்டப்படி தாக்குதல், கேஸ் இழுத்தவங்க மேலதான் வரும்.